ரொட்டாவேட்டர் மாட்டினா மட்டும் தண்ணி கொதிக்குது, என்ஜினை இறக்கணுமா?

கேள்வி: அண்ணே வணக்கம். துறையூர் பக்கம் நமக்கு ஊரு. அப்பா வாங்கின 1998 மாடல் மாசி 1035 டிராக்டர் வச்சிருக்கேன். டிரெய்லர்ல லோடு அடிச்சா ஒண்ணும் பண்ணல. மண்ணைக் கிளறற ரொட்டாவேட்டரை மாட்டி காட்டுல இறக்குனா முக்கா மணி நேரத்துல சூட்டு மீட்டர் முள்ளு சிவப்புக்கு போயி மூடி வழியா தண்ணி பொங்கி அடிக்குது. வாட்டர் பம்பு புதுசு போட்டாச்சு, தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கற தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் எடுத்துட்டாரு, ரேடியேட்டரை சர்வீஸ் ஸ்டேஷன்ல விட்டு தண்ணி அடிச்சு கழுவியாச்சு. ஸ்டார்ட்டிங் ஒரே சுத்துல எடுக்குது, ஆயிலும் குறையல. இப்ப மெக்கானிக், போர் (பிஸ்டன் ஓடற சிலிண்டரோட உள்சுவர்) தேஞ்சிருச்சு, இறக்கி ஸ்லீவ் பிஸ்டன் மாத்தணும்ங்கறாரு. அட்வான்ஸ் குடுக்கட்டுமா? போன சித்திரையில அஞ்சடியை வித்துட்டு செகண்ட்ல ஆறடி ரொட்டாவேட்டர் வாங்கினேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைக்கறேன்.

பதில்:

தம்பி, அட்வான்ஸ் குடுக்காதீங்க. குடுத்துட்டீங்கன்னா நாளைக்கு வரேன்னு சொல்லி நிறுத்தி வைங்க.

போர் தேஞ்ச என்ஜின் எப்படி இருக்கும்னு சொல்றேன், காலைல ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், பிரீதர்ங்கற என்ஜின் மூச்சுக்குழாய் வழியா புகை புஸ்ஸு புஸ்ஸுன்னு வரும், ஆயில் குடிக்கும், இழுவை இருக்காது. உங்களுது ஒரே சுத்துல எடுக்குது ஆயிலும் குறையலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்புறம் எங்க இருந்து வந்துச்சு போர் தேய்மானம்? இன்னொண்ணு, புதுசா ஸ்லீவ் பிஸ்டன் போட்ட என்ஜின் டைட்டா இருக்கறதால ஆரம்பத்துல பழசை விட கொஞ்சம் கூடவே சூடு காட்டும், இப்ப இருக்கற கோளாறு என்னன்னு தெரியாம அதையும் செஞ்சு வச்சீங்கன்னா புது பிஸ்டன் ஜாம் ஆயி நிக்கும், அப்ப யாரைப் போயி கேக்கறது.

உங்க லெட்டர்லயே பாதி பதில் இருக்கு. ரோட்டுல சூடு ஆகல, காட்டுல ஆகுது. டீசல் எரியற சூட்டுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் வேலையா மாறுது, இன்னொரு பங்கு சைலென்சர் வழியா போயிருது, மிச்சத்துல பெரும்பகுதியை தண்ணிதான் வாங்கி ரேடியேட்டர்ல கொண்டு போயி இறக்கி வைக்கணும். டிரெய்லர்ல போறப்ப மேடு வந்தா மட்டும் முக்கும், மத்த நேரம் சும்மா உருண்டு ஓடும், முன்னாடி இருந்து காத்தும் அடிக்கும். ரொட்டாவேட்டர் அப்படி இல்ல, இறக்கினதுல இருந்து தூக்கற வரைக்கும் முழு லோடு, வண்டி நகர்றதோ ஆள் நடக்கற வேகம், தூசி வேற. அதனால ரேடியேட்டர் பாகம் முழுசா செத்துப்போகல, அதோட சக்தி பாதியா குறைஞ்சிருக்கு, பாதி வேலைக்கு தாங்குது முழு வேலைக்கு தாங்கல. இதுதான் என் கணக்கு.

அப்புறம் அந்த ஆறடி. சம்பந்தம் இருக்காதுன்னு கடைசி வரியில போட்டிருக்கீங்க பாருங்க, அதைத்தான் நான் முதல்ல படிச்சேன். உங்க வண்டி 36 எச்பி, மூணு சிலிண்டர் சிம்சன் என்ஜின், அதுல ரொட்டாவேட்டரை சுத்த வைக்கற பிடிஓ சாஃப்ட்டுக்கு வந்து சேர்றது அதுக்கும் குறைவுதான். அஞ்சடி 36 கத்தியே அதுக்கு சரியான சுமை, ஆறடின்னா 42 கத்தி, அதெல்லாம் 45, 50 எச்பி வண்டிக்கு மாட்டறது. நீங்க ஏமாந்து வாங்கினீங்கன்னு சொல்ல வரல, செகண்ட்ல விலை அமைஞ்சா யாரும் வாங்கத்தான் செய்வாங்க. ஆனா போன சித்திரைக்கு முன்னாடி இந்த சூடு இருந்துச்சான்னு நீங்களே உக்காந்து யோசிச்சுப் பாருங்க. இல்லன்னா, ரேடியேட்டர் ரொம்ப நாளாவே சக்தி இழந்துக்கிட்டு வந்திருக்கு, அஞ்சடி வரைக்கும் சமாளிச்சுது, ஆறடி வந்ததும் கையை விரிச்சிருச்சு.

சரி, இப்ப என்ன பாக்கணும். காசு செலவில்லாததுல இருந்து ஆரம்பிப்போம்.

வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, பிடிஓவை கட் பண்ணி, ஆக்சிலரேட்டரை வேலை செய்யற அளவுக்கு ஏத்தி வைங்க. ஒரு முழு நியூஸ்பேப்பர் தாளை எடுத்து முன் கிரில்லுக்கு நேரா பிடிச்சு விடுங்க. தாள் சப்புன்னு போயி ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்கணும். சறுக்கி கீழ விழுந்துச்சுன்னா காத்து இழுக்கல. (தோள்ல துண்டோட ஃபேன் பக்கம் போகாதீங்க, எங்க பட்டறையில ஒருத்தர் துண்டு போச்சு, கழுத்து தப்பிச்சது சாமி புண்ணியம்.) காத்து இழுக்கலன்னா முக்கியமா மூணு காரணம், பெல்ட்டு வழுக்குது, ரேடியேட்டர் இடுக்கு அடைச்சிருக்கு, இல்ல ஃபேன் திருப்பி மாட்டியிருக்கு.

திருப்பி மாட்டறதான்னு சிரிக்காதீங்க. உங்களுக்கு வாட்டர் பம்பு மாத்தியிருக்காங்க, இந்த என்ஜின்ல ஃபேன் பம்பு புல்லியிலதான் நிக்குது, அதைக் கழட்டாம பம்பு மாத்த முடியாது. திருப்பி மாட்டுனாலும் ஃபேன் அதே திசையிலதான் காத்தை இழுக்கும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது, ஆனா றெக்கையோட வளைவு எதிர்ப்பக்கமா போயிருக்கும், காத்து பாதிதான் வரும். றெக்கையோட குழி விழுந்த பக்கம் என்ஜினைப் பாத்து இருக்கணும், ஏன்னா காத்தை அது பின்பக்கம் தள்ளணும். கண்ணால ஒரு தடவை பாத்தா போதும். ஃபேனை சுத்தி ஒரு தகடு வளையம் இருக்கும், கூண்டு மாதிரி, பெல்ட்டு மாத்த இடைஞ்சலா இருக்குன்னு அதை கழட்டி மாட்டுக்கொட்டாயில போட்டிருப்பாங்க. இருந்தா தேடி எடுத்து மாட்டுங்க, அது இல்லன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா இழுக்காம பக்கத்துல இருக்கற சூட்டுக் காத்தையே திரும்பத் திரும்ப இழுத்து சுத்திக்கிட்டு இருக்கும்.

பெல்ட்டுக்கு ரெண்டு புல்லிக்கும் நடுவுல கட்டைவிரலால அழுத்துங்க, அரை இஞ்சு அளவுக்கு அமுங்கினா சரி. டைட்டா இருந்தாலும் பக்கவாட்டை தடவிப் பாருங்க, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா அது வழுக்கற பெல்ட்டு, லோடு ஏறும்போதுதான் வழுக்கும். பெல்ட்டோட அடிப்பக்கம் புல்லி பள்ளத்தோட தரையை தொட்டாலும் வேஸ்ட்டு, பெல்ட்டு பக்கவாட்டுலதான் பிடிக்கணும்.

சர்வீஸ் ஸ்டேஷன்ல கழுவினேன்னு சொன்னீங்க. எந்தப் பக்கமா இருந்து அடிச்சாங்க? நூத்துக்கு தொண்ணூறு பேரு முன்னாடி நின்னு பிரஷர்ல அடிப்பாங்க. ஃபேன் முன்னாடி இருந்து உள்ள இழுக்குது, அப்ப மக்காச்சோள சருகும் வைக்கோல் தூசியும் முன்பக்கமா வந்துதான் சிக்கும், நீங்களும் அதே பக்கமா அடிச்சா இன்னும் உள்ள போயி செருகிக்கும், பத்தாததுக்கு இடுக்குத் தகடு எல்லாம் மடிஞ்சு படுத்துரும். கழுவறதுன்னா ஃபேன் பக்கம் இருந்து முன்பக்கமா, சாதாரண ஹோஸ் பைப்பு தண்ணியில, பொறுமையா. ஆயில் பிசுக்கு இருந்தா முதல்ல சோப்புத் தண்ணி தெளிச்சு ஊற விடுங்க. கழுவி முடிச்சுட்டு இருட்டுன நேரத்துல ஒருத்தர் பின்பக்கம் டார்ச் அடிக்க, முன்னாடி நின்னு பாருங்க, வெளிச்சம் சல்லடை மாதிரி எல்லா இடத்துலயும் தெரியணும். எங்க கருப்பா இருக்கோ அங்க அடைப்பு.

வெளிப்பக்கம் இது. உள்பக்கத்துக்கு சூடு அளக்கற சாமான் ஒண்ணு வேணும், துப்பாக்கி மாதிரி இருக்கும், கொரோனா சமயத்துல நெத்தியில காட்டினாங்களே அதோட அண்ணன், மெஷினுக்குன்னு தனியா வருது, ஆன்லைன்லயும் டூல்ஸ் கடையிலயும் கிடைக்கும். ஊருல நாலு பேரு சேந்து ஒண்ணு வாங்கிக்கலாம். ரொட்டாவேட்டர் ஓட்டி சூடு ஏறிட்டு இருக்கற நேரத்துல, நிறுத்தி, ரேடியேட்டர் மேல் டேங்க்லயும் கீழ் டேங்க்லயும் காட்டிப் பாருங்க. பளபளன்னு இருக்கற உலோகத்துல காட்டாதீங்க, பொய் சொல்லும், பெயிண்ட் அடிச்ச இடமா பாத்து காட்டுங்க. மேல 98 கீழ 92ன்னு ரெண்டும் கொதியாவே இருந்தா தண்ணி ஓடுது, ஆனா சூட்டை காத்து வாங்கிக்கல, அப்ப கோளாறு காத்துப் பக்கமோ, சுமைப் பக்கமோ. மேல 98 கீழ 65ன்னு பெரிய வித்தியாசம் வந்தா ரேடியேட்டர் நல்லாத்தான் ஆத்துது, ஆனா தண்ணி மெதுவா ஓடுது, அப்ப பம்பு, ஹோஸ், உள் அடைப்பு. அப்படியே ரேடியேட்டர் கோர் மேல அங்கங்க காட்டிப் பாத்தீங்கன்னா நடுவுல சூடும் ஓரத்துல ஜில்லுமா இருந்தா, ஜில்லுன்னு இருக்கற குழாய்ல தண்ணியே போகல.

ஹோஸ்னு சொன்னதும் என் கதை ஒண்ணு. பட்டறை போட்டு ரெண்டு வருஷம் இருக்கும், இதே மாதிரி ஒரு வண்டி, காட்டுல மட்டும் கொதிக்குது. நான் அப்ப சின்ன வயசு, தெரியலன்னு சொல்ல வெக்கம், என்ஜின் மேல்மூடியான ஹெட்டை கழட்டி லேத்துக்கு அனுப்பி, அதுக்கு அடியில வர்ற கேஸ்கட்டை புதுசா போட்டு வண்டிக்காரர்கிட்ட பில்லும் வாங்கிட்டேன். மறுநாள் சாயங்காலமே வண்டி திரும்ப வந்து நிக்குது. ஐடிலிங்ல விட்டுட்டு சுத்தி சுத்தி வரேன், ஒண்ணும் தெரியல. ஸ்பேனர் எடுத்துக் குடுக்க ஒரு பையன் இருந்தான், அவன் சும்மா ஆக்சிலரேட்டரை இழுத்துட்டு குனிஞ்சவன், அண்ணே இந்த டியூப் வாயை மூடுதுண்ணேன்னான். பாத்தா அடி ஹோஸ், ரேஸ் குடுத்தா பாக்கெட் பாலை ஓட்டை போட்டு உறிஞ்சின மாதிரி ஒட்டிப் படுத்துருது, ரேஸைக் குறைச்சா பழையபடி உருண்டையாயிருது. அடி ஹோஸ் பம்பு உறிஞ்சற பக்கம், அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கணும், அது துருப்பிடிச்சு உதிர்ந்து போயிருந்துச்சு, ரப்பரும் ஊறி மெத்துன்னு ஆயிருச்சு. ஹோஸ் காசு எவ்வளவு, நான் வாங்கின பில்லு எவ்வளவு. பாதியைத் திருப்பிக் குடுத்தேன், மீதியைக் குடுக்க கையில இல்ல. நீங்களும் என்ஜின் சூடா இருக்கும்போது ரேஸ் ஏத்தி அந்த அடி ஹோஸை பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

இப்ப தெர்மோஸ்டாட். அதை எடுத்தது நம்ம ஊரு பழக்கம், சூடுன்னு வந்தா முதல் பலி அதுதான். எடுத்தா தண்ணி தடை இல்லாம ஓடும், அதனால சூடு குறையும்னு கணக்கு. ஆனா பைபாஸ் வழி இருக்கற என்ஜின்ல தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா ஒரு பகுதி தண்ணி ரேடியேட்டருக்கே போகாம சுத்திட்டு திரும்ப உள்ள வந்துரும், அப்ப முழு லோடுல சூடு கூடவே செய்யும். லோடு இல்லாத நேரத்துல நேர் எதிரா, என்ஜின் சூடே ஏறாம பச்சையா ஓடும், டீசலும் கூட குடிக்கும், நாளடைவுல நிஜமாவே போர் தேயும். புதுசு வாங்கி போடுங்க, சில நூறு ரூபாதான். போடறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு, நூல்ல கட்டி தொங்க விட்டு அடுப்புல ஏத்துங்க, அடியில படக்கூடாது, அதுமேல போட்டிருக்கற டிகிரி வரும்போது, பெரும்பாலும் 80க்கு மேல, வாயைத் திறக்க ஆரம்பிக்கணும், கொதிக்கறதுக்குள்ள நல்லா திறந்துரணும். திறக்காதது ஆகாது, புதுசா இருந்தாலும் கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுங்க.

மூடி வழியா பொங்குதுன்னீங்க, மூடியையும் மாத்துங்க. அதுல ஒரு ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்கு, உள்ள பிரஷரை பிடிச்சு வைக்கறது அதோட வேலை. 7 பவுண்டு மூடின்னா தண்ணி 100ல கொதிக்காம 110 தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் வெடிச்ச மூடியில அந்த பத்து டிகிரியும் போச்சு. பழைய மூடியில என்ன நம்பர் போட்டிருக்கோ அதே நம்பர்ல வாங்குங்க, கூட இருக்கறதை போட்டா ரேடியேட்டர் ஒட்டு விட்டுரும். இன்னொரு விஷயம், கழுத்து வரைக்கும் தளும்பத் தளும்ப ஊத்துனா சூட்டுல விரிஞ்சு கொஞ்சம் தண்ணி வெளிய வரத்தான் செய்யும், அது கொதி இல்ல.

கேஸ்கட் போயிருக்குமோன்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கும், அதை வீட்டுலயே பாக்கலாம். காலைல என்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது ஃபேன் பெல்ட்டை கழட்டிருங்க, மூடியைத் திறந்து கழுத்து வரை தண்ணி ஊத்துங்க, ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ள பாத்துட்டு ஆஃப் பண்ணிருங்க. பம்பு சுத்தாததால தண்ணி அசையாம குளம் மாதிரி நிக்கணும். முதல்ல ரெண்டு முட்டை வந்து நின்னா அது உள்ள மாட்டியிருந்த காத்து. நிக்காம பொட்டு பொட்டுன்னு முட்டை விட்டுக்கிட்டே இருந்தா, ரேஸ் குடுத்தா இன்னும் கூடினா, சிலிண்டர்ல இருந்து கேஸ் தண்ணிக்குள்ள வருது, அப்பதான் ஹெட்டை கழட்டற பேச்சு. கழட்டினா ஹெட்டு வளைஞ்சிருக்கா, வெடிச்சிருக்கான்னு பாக்காம வெறும் கேஸ்கட் மட்டும் மாத்த விடாதீங்க, போல்ட்டை நடுவுல இருந்து ஆரம்பிச்சு இறுக்கத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்சு வச்சுத்தான் இறுக்கணும்.

எனக்கு என்ன தோணுதுன்னா, போர் தேயல தம்பி, போர் தண்ணிதான் வேலையைக் காட்டியிருக்கு. உங்க பக்கத்து போர்வெல் தண்ணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், சுடுதண்ணி வைக்கற பானைக்குள்ள வெள்ளையா தட்டு பிடிச்சிருக்கும் பாருங்க, அதேதான் இருபது இருபத்தஞ்சு வருஷமா என்ஜின் உள்ளயும் ரேடியேட்டர் குழாயிலயும் பிடிச்சிருக்கு. பம்பை மாத்தினப்ப உள்ள எட்டிப் பாத்தீங்களா, காவியும் வெள்ளையுமா சேறு இருந்துச்சா? குறையக் குறைய போர் தண்ணியையே ஊத்துறது, ஊத்தின தண்ணி ஆவியாப் போகும், உப்பு உள்ளயே தங்கிரும், மறுபடியும் ஊத்துவோம்.

சுத்தம் பண்ண கடுமையான ஆசிட் ஊத்தறேன்னு எவனாவது சொன்னா விடாதீங்க, ரேடியேட்டர் ஒட்டையும் சேத்து தின்னுரும். எலுமிச்சை உப்புன்னு மளிகைக் கடையில கிடைக்கும், சிட்ரிக் ஆசிட் அது, பத்து லிட்டர் தண்ணிக்கு கால் கிலோ கரைச்சு ஊத்தி, லோடு இல்லாம ஒரு மணி நேரம் சூடா ஓட விட்டு, ஆறவிட்டு இறக்குங்க. ரேடியேட்டர் குழாயை மட்டும் திறந்தா பத்தாது, என்ஜின் பிளாக் பக்கவாட்டுலயும் ஒரு டிரெயின் இருக்கு, நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது. திறந்தா ஒண்ணும் வராது, சேறு அடைச்சிருக்கும், கம்பியை விட்டு குத்துங்க, அப்புறம் வரும் பாருங்க கேவுரு கூழ் மாதிரி. நல்ல தண்ணி வர்ற வரைக்கும் ரெண்டு மூணு தடவை அலசுங்க. ரொம்ப பழைய ரேடியேட்டர்ல உப்புத்தட்டுதான் ஓட்டையை மூடிக்கிட்டு இருக்கும், சுத்தம் பண்ணினதும் ஒழுக ஆரம்பிக்கலாம், அதுக்கும் மனசுல ஒரு இடம் வச்சுக்கங்க. இதுக்கும் மசியலன்னா ரேடியேட்டர் கடையில குடுத்து டேங்க்கை பிரிச்சு குழாய் குழாயா ராடு விட்டு எடுக்கச் சொல்லுங்க, செம்பு கோரா இருந்தா தாராளமா செய்யலாம், தயவுசெஞ்சு எடைக்கு போட்டுட்டு மட்டமானதை வாங்கி மாட்டாதீங்க.

அப்புறம் ஊத்தறது, கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும். நம்ம ஊருல பனி உறையாதே கூலண்ட் எதுக்குன்னு கேப்பாங்க, துருப்பிடிக்காம இருக்கறதுக்கும் கொதிநிலை கூடறதுக்கும்தான். கைவசம் இல்லாத அவசரத்துக்கு சுத்தமா பிடிச்சு வச்ச மழைத்தண்ணி நல்லது. பழைய கூலண்ட்டை வாசல்ல இறக்கி விட்டுறாதீங்க, அது இனிப்பா இருக்கும், நாயோ கன்னுக்குட்டியோ நக்குனா பிழைக்காது, ஆழமா குழி தோண்டினாலும் கிணத்துப் பக்கம் வேண்டாம், கேன்ல பிடிச்சு பட்டறையில குடுத்துருங்க.

சைலென்சர் புகையை ஒரு கண்ணு பாத்துக்கங்க. ரொட்டாவேட்டர்ல கரும்புகை கக்குனா ஒண்ணு என்ஜின் தாங்கல, இல்ல ஏர் கிளீனர் ஆயில் சேறாகி மூச்சு முட்டுது, இல்ல யாரோ பவர் ஏத்தறேன்னு டீசல் பம்பு ஸ்க்ரூவை திருப்பியிருக்காங்க. டீசல் கூட எரிஞ்சா சூடு கூடத்தான் செய்யும்.

கொதிச்சிருச்சுன்னா அப்ப என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, நானே சொல்லிடறேன். ரொட்டாவேட்டரை தூக்குங்க, பிடிஓவை எடுங்க, தண்ணி இன்னும் உள்ள இருக்குன்னா உடனே ஆஃப் பண்ணாம லோடு இல்லாம கொஞ்சம் ரேஸ்ல ஓட விடுங்க, ஃபேன் சுத்தி ஆத்தும். தண்ணி மொத்தமும் வெளிய போயிருச்சுன்னா மட்டும் உடனே ஆஃப். முள்ளு திடீர்னு இறங்கிருச்சேன்னு சந்தோஷப்படாதீங்க, தண்ணி இல்லாம காத்துல நிக்கற சென்சார் குறைச்சலாத்தான் காட்டும். மூடியில கை வைக்கவே கூடாது, ஈரச்சாக்கு போட்டு திறக்கறேன்னு திறந்து முகம் வெந்தவங்களை பாத்திருக்கேன், அரை மணி நேரம் போகட்டும். கொதிச்ச என்ஜின்ல பச்சைத்தண்ணியை கடகடன்னு ஊத்துனா ஹெட்டு வெடிக்கும், அந்த சத்தத்தை ஒரு தடவை கேட்டவன் மறுபடி ஊத்த மாட்டான்.

ஆறடியை வித்துருங்கன்னு நான் சொல்லல, வச்சுக்கிட்டா எல்லாத்துலயும் கீழ கியர்ல, ஆழம் குறைச்சு, ரெண்டு சால் ஓட்டுங்க, ஒரே சால்ல முழு ஆழம் போகணும்னு நினைக்காதீங்க. நாலு நாளைக்கு யார்கிட்டயாவது அஞ்சடியை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்க, அதுலயும் கொதிச்சா ரேடியேட்டர் மேல குத்தம், கொதிக்கலன்னா உங்களுக்கே தெரிஞ்சுரும். பேப்பர் விழுந்துச்சா ஒட்டுச்சா, பெல்ட்டை கழட்டினப்ப முட்டை வந்துச்சா, மேல் டேங்க் கீழ் டேங்க் எவ்வளவு, இந்த மூணையும் குறிச்சு எழுதி அனுப்புங்க, மேற்கொண்டு அப்புறம் பேசலாம். மெக்கானிக் கழட்டின பழைய தெர்மோஸ்டாட் டூல் பாக்ஸ்லதான் கிடக்கும், தூக்கிப் போட்டுறாதீங்க, கடையில நம்பர் பாத்து அதே மாதிரி வாங்க அது வேணும்.